தொடக்கம் எங்கே? குலசேகரம் வாசகர்களின் கேள்விகள்

புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் முறைகள் எப்படி வந்தன, புதுப் புது உலோகக் கூட்டுப்பொருள்கள் எப்படிப் பிறக்கின்றன என்று குலசேகரம் வட்டாரத்திலிருந்து இம்முறை கேள்விகள் வந்திருக்கின்றன. பதில் தேடப் போனால் பல இழைகள் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய திருவனந்தபுரத்திலும் வந்து முடிகின்றன.

கே: முறுக்கான் (வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை) போட்டால் வாய்ப்புற்று வரும் என்று முதலில் சொன்னது எந்த நாட்டு விஞ்ஞானி?

ப: வெளிநாட்டு மருத்துவர்கள்தான், ஆனால் அவர்களில் சிலர் அதைக் கண்டது உங்கள் பக்கத்து ஊரில். தக்கலையைத் தாண்டி, இரணியலுக்கு அருகே இருக்கும் நெய்யூரில் 1838இல் லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கியது. அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளில் வாய்ப்புற்று உள்ளவர்கள் ஐரோப்பாவில் காணாத அளவுக்கு அதிகம். அங்கே பணியாற்றிய பென்டால், 1,700 புற்றுநோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1908இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார். சென்னையில் நிப்லாக் என்ற மருத்துவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதைப் பற்றி எழுதியிருந்தார். ஆனாலும் இந்தக் கேள்வியைத் தலைமுறை தாண்டியும் விடாமல் பிடித்துக்கொண்டது நெய்யூர்தான். அங்கே வேலை பார்த்த ஆர், 1933இல் 'லான்செட்' இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி, நோய்க்கான காரணம், திசுக்களில் தெரியும் மாற்றம், சிகிச்சை மூன்றையும் சேர்த்து விரிவாக எழுதினார்.

வெற்றிலைச் சக்கையை எந்தக் கன்னத்தில் அடக்கி வைக்கிறார்களோ அந்தக் கன்னத்தில்தான் பெரும்பாலும் புண் தோன்றும். புகையிலையில் புற்றை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் இருக்கின்றன. பாக்கில் உள்ள அரிகோலின் கன்னத்தின் உட்திசுவை நார்போல இறுக்குகிறது. நாளடைவில் வாயைத் திறப்பதே கடினமாகிவிடும். சுண்ணாம்பு இந்த வேதிவினைகளுக்குத் துணை நிற்கிறது.

1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய ஹோவர்ட் சோமர்வெல் நெய்யூரில் பல்லாண்டு அறுவை மருத்துவராக இருந்தார். 1922 பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு அங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார். வாய்ப்புற்றுக்கு ரேடியம் வைத்துச் சிகிச்சை தந்தவர்களில் அவரும் ஒருவர்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று உறுதி செய்தது 1985இல். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே போதும் என்ற முடிவை அது 2004இல் வெளியிட்டது. நெய்யூரில் 1908இல் எழுதப்பட்டதை உலகம் முழுதாக ஏற்க ஏறத்தாழ நூறு ஆண்டு பிடித்திருக்கிறது. அந்த நூறு ஆண்டில் எத்தனை குடும்பங்கள் இழப்பைச் சந்தித்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

கே: ஓர் உயிரணுவைப் பார்த்து 'இது புற்று' என்று டாக்டர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? இந்த வழக்கம் எப்போது வந்தது?

ப: கட்டிகளும் உயிரணுக்களால் ஆனவையே என்று நுண்ணோக்கி வழியாகப் பார்த்து எழுதியவர் ஜெர்மானியரான யோஹானஸ் முல்லர். அவருடைய நூல் வெளிவந்தது 1838இல். நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். புற்றணுவின் உட்கரு பெரிதாக, ஒழுங்கற்று, சாயத்தில் கருத்துத் தெரியும். அணுக்கள் அளவில் ஒன்றுபோல இராது. பிரிந்து பெருகும் அணுக்கள் நிறையத் தென்படும். திசுவுக்கு ஏற்றும் நீலச் சாயமான ஹீமட்டாக்சிலின், மெக்சிகோப் பக்கத்து மரமொன்றின் கட்டையிலிருந்து எடுக்கப்படுவது.

கத்தி வைக்காமல், வழித்தெடுத்த அணுக்களைப் பார்த்தே புற்றைச் சொல்லும் முறையைப் பரப்பியவர் கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் ஆய்வு செய்த ஜார்ஜ் பாபனிகோலாவ். முதலில் அவர் கினிப்பன்றிகளின் இனப்பெருக்கச் சுழற்சியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருப்பை வாய்ப் புற்றின் அணுக்களைக் கண்டதாக 1928இல் அறிவித்தபோது பெரிய வரவேற்பில்லை. ஹெர்பர்ட் டிராட் என்ற மகப்பேறு மருத்துவருடன் சேர்ந்து 1943இல் நூல் வெளியிட்ட பிறகுதான் 'பாப் ஸ்மியர்' உலகெங்கும் பரவியது. ருமேனியாவில் ஆரெல் பாபேஷ் இதே வழியில் 1927இலேயே எழுதியிருந்தார்.

கே: கருப்பை வாயில் வினிகர் தடவிப் பரிசோதிக்கிறார்களே, அது நாட்டு வைத்தியமா?

ப: இல்லை, அது முறையாகச் சோதித்து நிறுவப்பட்ட மருத்துவம். ஜெர்மனியின் ஹான்ஸ் ஹின்செல்மான் 1925இல் கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப்பைக் கொண்டுவந்தார். வினிகரில் இருக்கும் நீர்த்த அசிட்டிக் அமிலம் பட்டால் மாறுபட்ட திசு வெளுத்துத் தெரியும் என்பது அதை வைத்து நடந்த பரிசோதனைகளில் தெரிந்தது. உட்கரு நெருக்கமாக உள்ள அணுக்களில் புரதம் தற்காலிகமாக உறைவதால் ஏற்படும் வெண்மை அது. கருவி இல்லாமல், நல்ல விளக்கு வெளிச்சத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ் வெறும் கண்ணால் பார்த்தாலே போதுமா என்ற கேள்விக்குப் பதில் தந்தது தமிழ்நாடு.

2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை சமூக நல மையத்து மருத்துவர் ராஜ்குமாரும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் சங்கரநாராயணனும் தம் குழுவினருடன் இதற்கான ஆய்வைத் தொடங்கினார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் பங்கேற்றார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் மட்டும் 49,311 பேர். 2007இல் 'லான்செட்' வெளியிட்ட முடிவுப்படி, அந்தப் பிரிவில் நோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன. அதே ஆண்டு தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடித் திட்டமாக இப்பரிசோதனையைத் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்க விரித்தது. நுண்ணோக்கி நிபுணருக்காகவும் அறிக்கைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. முடிவு அன்றே தெரிந்துவிடும். கூலி வேலையை விட்டு இரண்டாம் முறை வர முடியாத பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

கே: இரத்தம் எடுத்துப் புற்றணுவைத் தேட இரும்பைப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தேன். உண்மையா?

ப: உண்மை. ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் இரத்தத்தில் கட்டியின் அணுக்களை ஒத்த அணுக்களை 1869இல் கண்டார். அவை மிக அரிதானவை. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் கோடிக்கணக்கான சிவப்பணுக்கள் இருக்கும். கட்டியிலிருந்து பிரிந்து வந்தவை ஒன்றோ இரண்டோ இருந்தால் உண்டு.

அந்த ஒன்றைப் பிடிக்கத்தான் காந்தத் துகள். நானோமீட்டர் அளவில் இரும்பு ஆக்சைடு துகள்களைச் செய்து, புற்றணுவின் மேற்பரப்பில் உள்ள குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்புரதத்தை அவற்றின் மேல் பூசுகிறார்கள். இரத்தத்தில் கலந்தபின் காந்தத்தை அருகே வைத்தால், துகள் ஒட்டிய அணுக்கள் ஒதுங்கி வந்து நிற்கும். இம்முறையில் இயங்கும் 'செல்சர்ச்' என்ற கருவிக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்று உள்ளவரின் 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 அல்லது அதற்கு மேல் இத்தகைய அணுக்கள் இருந்தால் நோயின் போக்கு கடுமையாக இருக்கும் என்று அதே ஆண்டு வந்த ஆய்வு காட்டியது. நோய் தெரிந்தவருக்கு அது எப்படிப் போகிறது என்று அறிய இது உதவும். நலமாக இருப்பவர் இதைச் செய்து நிம்மதி தேட வேண்டாம்.

கே: கல்லூரி ப்ராஜெக்டுக்காக அலுமினியத்தை உருக்கி சிலிக்கன் கார்பைடு தூளைக் கலந்தோம். தூள் சரியாகக் கலக்கவில்லை. இந்த முறையை யார் கண்டுபிடித்தார்கள்? எங்கே தவறினோம்?

ப: வெண்கலத்தில் செம்பும் வெள்ளீயமும் உருகி ஒன்றாகிவிடும், அது உலோகக்கலவை. நீங்கள் செய்தது கூட்டுப்பொருள். அதில் தூள் கரையாது, தூளாகவே உலோகத்துக்குள் பரவி நிற்க வேண்டும். குலசேகரத்தில் வெட்டும் ரப்பர் பால் டயராக மாறும்போது கரித்தூள் சேர்த்துப் பலப்படுத்துகிறார்களே, அதுவும் கூட்டுப்பொருள்தான்.

உருகிய அலுமினியத்தில் தூளைக் கலந்து வார்க்கும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் இந்தியரான பிரதீப் ரோஹட்கி. 1960களில் அமெரிக்காவில் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் பணியாற்றியபோது, கிராஃபைட் தூளை அலுமினியத்தில் பரவச் செய்ய முயன்றார். கிராஃபைட் எடை குறைந்தது, உலோகத்தோடு ஒட்டாது, மேலே வந்துவிடும். அதன்மேல் நிக்கல் பூசி உள்ளே செலுத்தியபோது தங்கியது. பாடியாவுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1969இல் வந்தது. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். திருவனந்தபுரத்து மத்திய அரசு வட்டார ஆய்வகத்துக்கு அதன் தொடக்க காலத்தில் இயக்குநராகவும் இருந்தார். அனல்மின் நிலையச் சாம்பலை அலுமினியத்தில் கலந்து மலிவான கூட்டுப்பொருள் செய்வதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1983இல் டொயோட்டா தன் டீசல் எஞ்சின் பிஸ்டனில் பீங்கான் இழை சேர்த்த அலுமினியத்தைப் பயன்படுத்திய பிறகு இத்துறை தொழிற்சாலைக்குள் நுழைந்தது.

உங்கள் தூள் கலக்காததற்குக் காரணங்கள் மூன்று இருக்கலாம். தூளில் ஈரமும் காற்றும் இருந்தால் உலோகம் அதை நனைக்காது. முதலில் தூளைத் தனியாகச் சூடேற்றுங்கள். ஏறத்தாழ ஒரு சதவீதம் மெக்னீசியம் சேர்த்தால் நனைதல் கூடும். கிளறும்போது நடுவில் சுழி விழும் அளவுக்கு வேகம் வேண்டும். ஆனால் காற்றை இழுத்துக்கொள்ளும் அளவுக்குக் கூடாது. சிலிக்கன் கார்பைடு அலுமினியத்தைவிடக் கனமானது, நின்றால் அடியில் தங்கும். கிளறி முடிந்ததும் தாமதிக்காமல் அச்சில் வார்த்துவிடுங்கள்.

கே: இவ்வளவு ஆராய்ச்சி நடந்தும் எங்கள் ஊரில் நோய் முற்றிய பிறகே தெரிகிறது. நாங்கள் என்ன செய்ய?

ப: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் தீர்வுக்கான ஆதாரமும் பக்கத்திலேயே இருக்கிறது. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பகுதிகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் மக்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவர்கள் கையில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. கண்ணும் விளக்கும் பயிற்சியும் இருந்தன.

ஆகவே வீட்டில் முறுக்கான் போடும் பெரியவர்களை மாதம் ஒருமுறை கண்ணாடி முன் உட்கார வைத்து, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடி என எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைவது, கழுத்தில் கட்டி இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த வாரமே காட்டுங்கள். குலசேகரத்திலேயே மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வலி இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம்: வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வீட்டில் 30 வயது தாண்டிய பெண்கள் இருந்தால் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நீங்களே கேளுங்கள். யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.