மெனு கேட்டால் கியூஆர் காட்டுகிறார்களா, தங்கச்சி?

லுணுகலை டவுன் சாப்பாட்டுக் கடையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ரொட்டி, கொத்து, சோறு என்று கடை அண்ணன் வாயாலேயே சொல்லிவிடுவார். எல்ல பக்கம் போனால் சில கடைகளில் மேசையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் காட்டி, "ஸ்கேன் பண்ணுங்க" என்கிறார்கள். 2022இல் பெட்ரோலுக்காகக் கியூஆர் பழகிய கை, யோசிக்காமல் போனை நீட்டிவிடுகிறது.

அந்தச் சதுரத்துக்குள் பெரும்பாலும் இருப்பது ஓர் இணைய முகவரிதான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று வெறுங்கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். அடியில் இன்னொன்று தட்டுப்பட்டால் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். 2025 ஜனவரியில் இந்தியாவின் கஜுராஹோவில் இரவோடு இரவாகக் கடைகளின் கியூஆர் மேல் வேறு கியூஆரை ஒட்டிவிட்டார்கள். கடைக்குக் கட்டிய காசு திருடர் கணக்குக்குப் போனது. லங்கா கியூஆரில் காசு கட்டும்போது திரையில் வரும் கடைப் பெயரை வாசித்த பிறகே பின் நம்பரை அழுத்துங்கள்.

மெனு பார்க்க உங்கள் போன் நம்பர் தேவையில்லை. ஆப் இறக்கத் தேவையில்லை. ஓடிபி, கார்ட் நம்பர் கேட்டால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது அம்மாமாரை நினைக்கும்போதுதான். கையில் பட்டன் போன். இல்லாவிட்டால் டேட்டா முடிந்த போன். பொடி எழுத்தை வாசிக்கக் கண்ணாடியும் இல்லை. பிள்ளைகள் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்க, "எனக்கு ஏதாவது சொல்லு" என்று ஒதுங்கிவிடுவார்கள். கொழுந்து பறித்து நம்மைப் படிக்கவைத்தவர்கள், விரும்பியதைக் கேட்டுச் சாப்பிட வேண்டாமா? "தம்பி, பேப்பர் மெனு இருக்கா? இல்லாட்டி வாசிச்சுச் சொல்லுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம் சேருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்; போன் மெனுவில் அது கடைசி வரியில் கிடக்கலாம்.

தவறிப்போய் கார்ட் விவரம் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதல் கோல் வங்கிக்கு, கார்டை நிறுத்தச் சொல்லி. அடுத்தது இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டுக்கு: 101.