சாடியை நிரப்பியவர்கள்

கேள்வி: ஐயா, முப்பது வருஷமாக வேதம் வாசிக்கிறேன். ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை எத்தனை தடவை முடித்தேன் என்று கணக்கில்லை. ஆயிரம் ஸ்தோத்திரமும் தினமும் சொல்கிறேன். வாய் சொல்கிறது, மனசு அடுப்பில் வைத்த பாலில் இருக்கிறது. உள்ளே ஒரு நிறைவு இல்லை. சம்பவத்தைக் கண்முன் கொண்டுவந்து ஜெபிக்கச் சொல்கிறாள் ஒரு தோழி. அது வசனத்தோடு சொந்தச் சரக்கைச் சேர்ப்பது ஆகாதா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பாலைப் பற்றிக் கவலை வேண்டாம் சகோதரி, என் ஜெபத்திலும் அது பொங்கி வழிந்திருக்கிறது.

தோழி சொன்ன முறை பழசுதான். 1521இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த லொயோலா இஞ்ஞாசியார், படுக்கையில் வாசிக்க வீரக்கதை கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர் வரலாறும். அந்த வாசிப்பில் பிடித்துக்கொண்ட பழக்கம் பிறகு 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலாயிற்று. 1548இல் போப் மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்தார். அதில் இஞ்ஞாசியார், பெத்லகேம் போகும் பாதை எவ்வளவு நீளம், மேடா பள்ளமா, இயேசு பிறந்த குகை எவ்வளவு உயரம் என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறார். சுவிசேஷத்தில் இல்லாத ஒரு வேலைக்காரப் பெண்ணையும் கூட அனுப்பிவிடுகிறார்! ஆனால் தியானம் நடத்துகிறவர் சம்பவத்தை உள்ளபடியே, சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று எழுதியவரும் அவர்தான். நான் வைத்துக்கொண்ட வரம்பு இது: கண்டதை வைத்து ஜெபிக்கலாம், உபதேசம் பண்ணக்கூடாது.

கானாவூர்க் கல்யாணத்துக்குப் போங்கள். விருந்தாளியாக வேண்டாம், வேலைக்காரியாக. ஆறு கற்சாடிகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று 'குடம்' என்று நம் பழைய வேதாகமத்தில் இருப்பதால் இடுப்புக் குடம்தான் நினைவுக்கு வரும். மூலத்திலுள்ள கிரேக்க அளவு ஒன்றே ஏறத்தாழ 39 லிட்டர். எப்படிக் கூட்டினாலும் 450 லிட்டருக்குக் குறையாது. இடுப்பு கடுக்கும், முந்தானை நனையும். திராட்சரசம் தீர்ந்த வீட்டில் இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. இயேசு சொன்னபடி விளிம்புவரை நிரப்பி, மொண்டு கொண்டுபோகிறீர்கள். தண்ணீர் திராட்சரசமாகியிருக்கிறது. பந்திவிசாரிப்புக்காரன் ருசி பார்த்துவிட்டு மணவாளனை மெச்சுகிறான். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது, மொண்டவர்களுக்குத் தெரியும். இதை யோவானே எழுதியிருக்கிறார், நம் சரக்கு அல்ல.

அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆயிரம் ஸ்தோத்திரப் பட்டியலைப் படித்துச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் அந்த விசாரிப்புக்காரன்தான். ருசியைப் புகழ்ந்துவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறோம். முந்தானை நனைந்தவளுக்குப் பட்டியல் வேண்டியதில்லை.

இரவில் அன்றைய பொழுதையும் இதே கண்ணால் திருப்பிப் பாருங்கள். இஞ்ஞாசியாரின் ஆத்தும சோதனையும் நன்றியில்தான் தொடங்குகிறது, பாவத்தில் அல்ல. ஆயிரம் வேண்டாம், ஒன்று போதும்: கேட்காமலே யாரோ நீட்டிய ஒரு டம்ளர் காப்பி. சில நாள் ஒன்றும் தோன்றாது. சிலருக்குக் காட்சி வராது, சத்தமோ வாசனையோதான் வரும். குறையில்லை.

இந்த வாரம் வேறு அதிகாரம் திறக்காதீர்கள். யோவான் 2, முதல் பதினொரு வசனம் மட்டும். கிணறு எவ்வளவு தூரம் என்று அதில் இல்லை. நடந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.