மென்பொருள் பொறியியலும் கூட்டுப் பணியும்

முன்னுரை

இரண்டு எண்களைக் கூட்டவும், பத்துப் பெயர்களை அகரவரிசைப்படுத்தவும் நிரல் எழுதக் கற்றுக்கொண்ட மாணவர், தாம் மென்பொருள் கற்றுவிட்டதாக எண்ணுவது இயல்பு. ஆனால், ஒருவர் எழுதி, அவரே இயக்கி, அவரே மறந்துவிடும் நிரல் வேறு. பலர் கூடி எழுதி, முன்பின் அறியாதவர்கள் பல்லாண்டுகள் பயன்படுத்தும் மென்பொருள் வேறு. முன்னதற்கு அறிவு போதும். பின்னதற்கு அறிவோடு ஒழுங்கும் வேண்டும். இவ்வொழுங்கைப் பற்றிய துறையே மென்பொருள் பொறியியல் ஆகும்.

1968 அக்டோபரில் அன்றைய மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு கூடியது. மென்பொருள்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை, செலவு மிகுகிறது, முடிந்த பின்னும் பிழைகள் மலிந்துள்ளன என்ற குறைகளை அறிஞர்கள் அங்கே ஆராய்ந்தனர். 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் உலகெங்கும் பரவ அம்மாநாடே வழிவகுத்தது. இத்துறையைப் பல்கலைக்கழகங்கள் விரிவுரையால் மட்டுமின்றி, மாணவர் குழுக்களிடம் ஒரு பணியை ஒப்படைத்தும் கற்பிக்கின்றன. அதன் காரணத்தை இக்கட்டுரையில் காண்போம்.

கைகள் கூடினால் காலம் குறையுமா?

ஒரு வயலில் நாற்று நட நான்கு பேருக்கு எட்டு நாள் ஆகுமென்றால், எட்டுப் பேருக்கு நான்கு நாள் போதும். நடுபவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேச வேண்டிய தேவை அதிகம் இல்லை. ஆனால் வாழை குலை தள்ளப் பத்து மாதம் ஆகும் என்பதால், பத்துப் பேர் நீர் ஊற்றி ஒரே மாதத்தில் குலையைக் காண முடியுமா?

ஐ.பி.எம். நிறுவனத்தின் 360 வரிசைக் கணிப்பொறிகளுக்கான இயக்க மென்பொருளை உருவாக்கும் பணியை நடத்தியவர் ஃபிரெட் புரூக்ஸ் (1931-2022). அப்பெரும்பணியில் பெற்ற பாடங்களை 1975இல் ஒரு நூலாக வெளியிட்டார். காலங்கடந்துவிட்ட மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் காலங்கடக்கும் என்பது அந்நூலின் புகழ்பெற்ற கருத்தாகும். புதியவருக்குப் பழையவர் கற்பிக்க வேண்டும்; பணியை மீண்டும் பங்கிட வேண்டும்; கலந்து பேச வேண்டிய இணைகளும் பெருகும். நால்வர் குழுவில் இத்தகைய இணைகள் 6. எண்மர் குழுவில் அவை 28. பன்னிருவர் குழுவிலோ 66! ஆட்கள் மும்மடங்கானால், பேச்சு பதினொரு மடங்காகிறது.

பணியைப் பிரிக்கும் முறை

அப்படியானால் பேச வேண்டியதைக் குறைப்பது எப்படி? பணியைப் பிரிக்கும் முறையில்தான் விடை இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் பார்னாஸ், 1972இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதனை விளக்கினார். வரிகளில் உள்ள சொற்களைச் சுழற்றி அகரவரிசையில் அடுக்கும் ஒரு சிறு மென்பொருளை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். அதனை இரு வகையாகப் பிரிக்கலாம். உள்ளீடு, சுழற்றுதல், வரிசைப்படுத்தல், அச்சிடல் எனச் செயல்களின் ஒழுங்கில் பிரிப்பது ஒருவகை. பின்னாளில் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் அடக்கி, பிற பகுதிகளுக்குத் தெரியாமல் மறைத்துவைப்பது மற்றொரு வகை. முதல் முறையில், வரிகளைச் சேமிக்கும் விதத்தை மாற்றினால் எல்லாப் பகுதிகளையும் திருத்த நேரும். இரண்டாம் முறையில் ஒரு பகுதியைத் திருத்தினால் போதும்.

இதனை நம் கல்லூரி நூலகத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். நான்கு மாணவர்கள் சேர்ந்து நூலக மென்பொருள் ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். நூல் வழங்குவதை ஒருவரும், தண்டத்தொகை கணக்கிடுவதை மற்றொருவரும் எழுதுகின்றனர். முன்னவர் திருப்பித் தர வேண்டிய நாளை 03-04 என எழுதிவைக்கிறார். அவர் கருதியது ஏப்ரல் 3. பின்னவரோ மாதத்தை முதலில் படித்து, மார்ச் 4 எனக் கொள்கிறார். நாளொன்றுக்கு ஒரு ரூபாய் தண்டம் என்றால், ஏப்ரல் 3ஆம் நாள் தவறாமல் நூலைத் தந்த மாணவருக்கு 30 ரூபாய் தண்டம் விழும்! இருவர் எழுதிய நிரலும் தனித்தனியே சரியானவை. பிழை இருவருக்கும் இடையே உள்ள வரப்பில் இருக்கிறது. நாளைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரே பகுதியில் அடக்கி, மற்றவர்கள் அதனைக் கேட்டே பெற வேண்டும் என வகுத்திருந்தால் இப்பிழை நேராது.

எழுதிய உடன்பாடும் சோதனையும்

உடன்பாட்டை எழுதிவைப்பது மட்டும் போதுமா? போதாது என்பதற்கு விண்வெளியிலேயே சான்று உண்டு. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசம்பரில் செவ்வாய்க் கோளுக்கு ஒரு விண்கலத்தை அனுப்பியது. 1999 செப்டம்பர் 23ஆம் நாள், கோளை அடைந்த வேளையில் அது அழிந்தது. தரையிலிருந்த மென்பொருள்களுள் ஒன்று, உந்துவிசையின் அளவைப் பவுண்டு கணக்கில் தந்தது; அதனைப் பெற்ற மற்றொன்று நியூட்டன் கணக்கில் எடுத்துக்கொண்டது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ நாலரை மடங்கு வேறுபாடு. நியூட்டன் கணக்கிலேயே தர வேண்டும் என்பது ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. எனினும் நிரல் அதன்படி நடக்கவில்லை. இரண்டையும் இணைத்து முழுமையாகச் சோதிக்கவும் இல்லை. ஆகவே, உடன்பாட்டை எழுதவும் வேண்டும். அதன்படி நிரல் நடக்கிறதா எனச் சோதிக்கவும் வேண்டும்.

முதலில் இயங்கட்டும், பின்பு வளரட்டும்

மாணவர் குழுக்கள் பெரும்பாலும் தனித்தனியே எழுதி, கடைசி வாரத்தில் ஒன்றாகச் சேர்க்கின்றன. தேரின் சக்கரங்களைத் திருவிழா அன்று காலையில் பூட்டுவது போன்றது இது. ஐ.பி.எம். பணிக்குப் பின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய புரூக்ஸ், அங்கே மாணவர்களைப் பெரும்பாலும் நால்வர் கொண்ட குழுக்களாக்கி, ஒரு பருவத்திற்குள் உண்மையிலேயே பயன்படும் மென்பொருளை உருவாக்கச் செய்தார். சில ஆண்டுகளுக்குப் பின், மிகச் சிறியதாயினும் இயங்கும் ஒன்றை முதலில் செய்து, அதனைப் படிப்படியாக வளர்க்கும் முறைக்கு வகுப்பை மாற்றினார். திரையில் முதல் உருவம் தோன்றியதும் குழுவின் ஊக்கம் பெருகியதைக் கண்டு தாமே வியந்ததாக அவர் எழுதியுள்ளார்.

நம் நூலக மென்பொருளிலும், ஒரு நூலை ஒரு மாணவருக்கு வழங்கித் திரும்பப் பெறுவது மட்டும் மூன்றாம் வாரத்திலேயே இயங்கட்டும். நாளைப் பற்றிய குழப்பம் அன்றே வெளிப்படும். அன்று திருத்துவது எளிது.

மதிப்பெண் யாருக்கு?

குழுப்பணியில் மாணவர் மனத்தை உறுத்தும் வினா இதுவே. ஒருவர் இரவெல்லாம் உழைக்க, மூவர் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வது உண்டு. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' போன்ற கருவிகள், யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கின்றன. ஆயினும் வரிகளை எண்ணி உழைப்பை அளக்க இயலாது. பிறர் எழுதிய நூறு வரிகளைப் படித்து, ஒரு வரியைத் திருத்திப் பிழை நீக்கியவரின் பங்கு சிறியதன்று. எனவே குழுவிற்கு ஒரு மதிப்பெண், ஒவ்வொருவரிடமும் தனித்து வினவி ஒரு மதிப்பெண் என இரண்டையும் வழங்குவதே நேர்மையாகும். தாம் எழுதிய பகுதியை மட்டுமன்றி, பக்கத்துப் பகுதியோடு அது சேரும் இடத்தையும் ஒவ்வொருவரும் விளக்க வேண்டும். எல்லாவற்றையும் தாமே எழுதி முடித்த திறமைசாலிக்கும் இவ்வினா பொருந்தும். ஏனெனில் பங்கிட்டுக் கொடுக்கும் கலையை அவர் கற்கவில்லை.

முடிவுரை

இறுதியாண்டில் செய்முறைத் திட்டம் வரும்போது, ஆயத்தமாக விற்கப்படும் நிரலை விலைக்கு வாங்கிப் பெயர் மாற்றித் தர நினைப்போர் உண்டு. அவ்வாறு செய்தால் மதிப்பெண் கிடைக்கலாம். நண்பரோடு முரண்பட்டு, பேசித் தீர்த்து, எழுதி வைத்து, சோதித்துப் பார்த்த பட்டறிவு கிடைக்காது. அதனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நிரல்மொழிகள் காலந்தோறும் மாறும். ஒருவர் சொன்னதை மற்றவர் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று கேட்டு உறுதிசெய்யும் பழக்கம் என்றும் பயன்படும். ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதன்று. இழுக்கும் முன் வடத்தின் முடிச்சுகளைச் சரிபார்ப்பதே மென்பொருள் பொறியியல் தரும் முதற்பாடம் எனலாம்.