இரைப்பைக்குள் ஒரு பலூன்

மிகுந்த உடல் எடையைக் குறைக்க மருத்துவ உலகம் கண்ட வழிகள் பல. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து, அறுவை என அவற்றை வரிசைப்படுத்தலாம். மருந்துக்கும் அறுவைக்கும் இடையே நிற்பது இரைப்பைப் பலூன் முறை. கத்தியும் தையலும் இல்லாமல் எடை குறையும் என்பதால் இன்று இதற்கு விளம்பரம் மிகுதி. விளம்பரம் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் பிரித்தறிவது அறிவியல் பயில்வோர் கடமை அன்றோ? ஆதலின் இதன் வரலாறு, செயல், நன்மை, தீமை ஆகியவற்றை ஈண்டுக் காண்போம்.

கருத்துப் பிறந்த வரலாறு

தலைமயிரைக் கடித்து விழுங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அம்மயிர் செரிக்காமல் இரைப்பையில் திரண்டு கட்டியாகிவிடும். அக்கட்டி உடையவர்கள் சிறிது உண்டதும் வயிறு நிறைந்ததாக உணர்வர், உடலும் மெலிவர். நோயாக வந்த இந்நிலையைச் செயற்கையாக உண்டாக்கிப் பயன் கொண்டால் என்ன? இவ்வெண்ணத்தை நீபென், ஹார்போ என்னும் டென்மார்க் மருத்துவர் இருவர் 1982-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர்.

1985-இல் அமெரிக்காவில் 'காரன்-எட்வர்ட்ஸ் குமிழி' என்னும் பலூன் அரசின் இசைவு பெற்றது. அது 220 மில்லிலிட்டர் காற்று அடைத்த உருளை. அது தானே சுருங்கிக் குடலை அடைத்தது. இரைப்பையில் புண்ணும் உண்டாக்கியது. பலூன் வைத்தவர்களையும், வைத்தது போலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எடைக் குறைவில் கருதத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது.

தோல்வி வீண் போகவில்லை. 1987-இல் புளோரிடா மாநிலத்து டார்பன் ஸ்பிரிங்ஸ் நகரில் வல்லுநர்கள் கூடி, நல்ல பலூனுக்குரிய இலக்கணத்தை வகுத்தனர். மேற்பரப்பு வழவழப்பாக இருத்தல் வேண்டும்; காற்றுக்குப் பதில் நீர் நிரப்புதல் வேண்டும்; நெடுநாள் உழைத்தல் வேண்டும்; எக்ஸ்ரே படத்தில் தெரிதல் வேண்டும். இவ்விலக்கணத்தைத் தழுவி 1991-இல் சிலிக்கோன் பலூன் தோன்றியது. இன்று 'ஆர்பெரா' என வழங்கும் அப்பலூனுக்கு அமெரிக்க இசைவு கிட்டியது 2015-இல்தான்.

செயற்படும் முறை

சுருங்கிய பலூனைக் குழாய் வழியே வாயினுள் செலுத்தி, எண்டாஸ்கோப்பினால் பார்த்தவாறே இரைப்பையில் வைப்பர். பின்னர் 400 முதல் 700 மில்லிலிட்டர் வரை உப்பு நீர் நிரப்புவர். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். விழுங்கத்தக்க பலூன்களும் இப்போது உள்ளன. அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 16 வாரத்தில் அடைப்பு தானே கரைந்து, நீர் வடிந்து, மலத்தோடு வெளியேறுமாறு அமைக்கப்பட்டது.

உணவுக்குப் பின் இரைப்பை ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் வரை விரியக் கூடியது. அதில் அரை லிட்டர் இடத்தைப் பலூன் பிடித்துக்கொண்டால் உணவுக்குரிய இடம் குறைகிறது. அதனினும் முக்கியம், இரைப்பைச் சுவர் விரிவதை அறியும் நரம்பு முனைகள் வேகஸ் நரம்பின் வழியே மூளைக்குச் செய்தி விடுக்கின்றன. உண்ட உணவு குடலுக்குள் இறங்குவதும் தாமதப்படுகிறது. ஆதலின் சிறிது உண்டதும் போதும் என்னும் உணர்வு எழுகிறது.

உப்பு நீரோடு மெதிலீன் நீலம் என்னும் சாயத்தையும் கலப்பது வழக்கம். பலூன் கசிந்தால் சாயம் குருதியில் கலந்து சிறுநீரை நீலமாகவோ பச்சையாகவோ மாற்றும். உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி. எளிய வேதியியல் ஓர் உயிரைக் காக்கும் விதம் இது!

பயனும் தீமையும்

ஆறு மாத முடிவில் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. 90 கிலோ உடையவர் 81 கிலோவுக்கு வரலாம். இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இவற்றுக்கு இது சிறிய நன்மையன்று.

ஆயினும் இரைப்பை அமிலம் சிலிக்கோனை அரிப்பதால் இவ்வகைப் பலூனை ஆறு மாதத்தில் எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு பலருக்கு இழந்த எடையில் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. முதற் சில நாட்கள் குமட்டலும் வாந்தியும் வயிற்று வலியும் மிகுதி. தாங்க இயலாமல் முன்னரே எடுத்துவிடுவோரும் உளர். அரிதாக இரைப்பைப் புண், துளை, குடலடைப்பு, கணைய அழற்சி ஆகியன நேரும். 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், நீர்ப்பலூன் வைத்துக்கொண்டவர்களில் ஐவர் இறந்ததாக வந்த செய்திகளை மருத்துவர்களுக்கு அறிவித்தது. காரணம் திட்டமாக நிறுவப்படவில்லை எனினும், கண்காணிப்புத் தேவை என அது வற்புறுத்தியது.

யாருக்கு உரியது?

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது பி.எம்.ஐ. என்னும் உடல் நிறை எண். அமெரிக்காவில் ஆர்பெரா பலூனுக்கு வகுத்த எல்லை 30 முதல் 40 வரை. நம் நாட்டவர்க்கு 23-க்கு மேல் மிகை எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என 2009-இல் இந்திய வல்லுநர்கள் வரையறுத்தனர். நம்மவர் உடலில் கொழுப்பின் விகிதம் மிகுதி என்பதே காரணம். புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாக்னிக்கும் இங்கிலாந்தின் டாக்டர் யுட்கினும் 2004-இல் தம் இருவரையுமே சான்றாகக் காட்டினர். இருவர்க்கும் எண் 22.3, ஆயின் ஆங்கிலேயர் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடற்கொழுப்பு 21.2 விழுக்காடு! எனவே இடுப்புச் சுற்றளவையும் அளத்தல் வேண்டும். ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

நான் வாழும் டோம்பிவிலியில் தமிழ்க் குடும்பங்கள் பல. எதிர்வீட்டு அக்கா ஒருவருக்கு வரன் பார்க்கிறார்கள். வந்தவர்கள் "பெண் சற்றுப் பருமன்" என்று சொல்லிப் போனார்கள். இரயில் நிலைய வாயிலில் கொடுத்த பலூன் விளம்பரத் தாளை அக்கா என்னிடம் நீட்டி, "தம்பி, நீ சயின்ஸ் படிக்கிற பிள்ளை. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்றார்கள். செலவோ இலட்சத்துக்கு மேல். நகைக்கெனச் சேர்த்த பணத்தில் எடுக்க எண்ணம்.

எடை 62 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். கணக்கிட்டால் 24.8 வருகிறது. பலூனின் எல்லைக்கு வெகு கீழே! இடுப்புச் சுற்றளவோ 84. ஆகவே கவனம் தேவை, பலூன் தேவையில்லை. பலூன் உள்ளபோது கருவுறலாகாது என்பதையும், ஆறு மாதத்தில் எடுத்துவிடுவர் என்பதையும் சொன்னேன். "எடுத்துவிடுவார்களா? தாளில் அது இல்லையே!" என்று வியந்தார்கள். இரண்டு நாளில் இரத்தச் சர்க்கரைச் சோதனைக்குப் போய்வந்தார்கள். எடை கூடியவர் நோய்க்கு அஞ்சி மருத்துவம் தேடுவது அறிவுடைமை. பெண் பார்க்க வந்தவர் சொல்லுக்கு அஞ்சி இரைப்பையைப் பணயம் வைப்பது தகாது.

முடிவுரை

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் எண் 25-ஐ எட்டியோ கடந்தோ உள்ளனர். இனி நம் இல்லங்களில் இவ்வினா அடிக்கடி எழும். அப்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்: உடல் நிறை எண் எவ்வளவு? வயிற்றில் முன்னரே அறுவையோ புண்ணோ உண்டா? ஆறு மாதமும் உணவு ஆலோசனை தருவது யார்? எடுத்த பின் திட்டம் என்ன?

பலூன் ஊன்றுகோலே, கால் ஆகாது. அது தரும் ஆறு மாதத்தில் அளவறிந்து உண்ணும் பழக்கத்தைக் கைக்கொண்டவர்க்கே பயன் நிலைக்கும். 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்துவதும் அவ்வளவறிதலையே. படித்த நாம் விளம்பரத் தாளைப் படித்துப் பொருள் சொல்லவும் கடமைப்பட்டவர்கள் என்பதை மறவாதிருப்போமாக!