சாமந்திக்கு எதற்கு நள்ளிரவில் பல்பு?

கேள்வி: பசுமைக்குடிலில் சாமந்திச் செடிகளுக்கு நடுராத்திரியில் விளக்குப் போடுகிறார்களே, எதற்கு?

பதில்: பூக்காமல் இருக்கத்தான்!

பகல் குறைந்து இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு விடும். தண்டு உயரும் முன்பே பூத்துவிட்டால் கொய்மலருக்கு விலை ஏது? அதனால் நீண்ட இரவை வெளிச்சம் போட்டு இரண்டாக வெட்டுகிறார்கள். இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி அந்த வெளிச்சத்தின் சிவப்புக் கதிரைப் பிடித்து, இரவு இன்னும் நீளவில்லை என்று கணக்குப் போடுகிறது. செடி பாவம், ஏமாந்து வளர்ந்துகொண்டே போகிறது. போதிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துவார்கள். பகல் நீண்ட மாதங்களில் கறுப்புத் துணியால் மூடி இரவையே உண்டாக்குவதும் உண்டு.

இந்த ரகசியம் பிடிபட்டது புகையிலையில். அமெரிக்காவில் ‘மேரிலாந்து மாமத்’ என்ற ரகம் கோடை முழுக்க ஆளுயரம் தாண்டி வளர்ந்தும் பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் பூத்தது. கார்னர், அல்லார்ட் என்ற இரு விஞ்ஞானிகள் வெப்பம், ஈரம் என ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் கோடைப் பகலில் செடிகளைச் சில மணி நேரம் இருட்டறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். பூத்தது! முடிவை 1920-இல் வெளியிட்டார்கள்.

பழைய சம்பா நெல் ரகங்கள் பலவும் இப்படித்தான். முன்கூட்டியே விதைத்தாலும் பகல் குறுகும்வரை கதிர் விடாது. தக்காளிக்கு இந்த வம்பே இல்லை. வளர்ச்சி வந்தால் எந்த மாதமும் பூக்கும்.