உடைமையும் உரிமையும்

நிலம் ஒருவர்க்கு உடைமை; அதனைத் தம் விருப்பப்படி பயன்கொள்ளல் உரிமை. 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்வழிச் சட்டம் இவ்விரண்டையும் பிரிக்கின்றது. குழாய் புதைத்த பின்னரும் பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும், பயிரும் செய்யலாம். ஆயின் அங்கே மரம் நடவோ, கிணறு வெட்டவோ, வீடு கட்டவோ இயலாது. இவ்வுரிமை இழப்புக்குச் சட்டம் வகுத்த ஈடு, சந்தை மதிப்பில் 10 விழுக்காடே.

நம் உப்பிலியபுரத்துக்கு மேற்கே, கொல்லிமலைக்கு அப்பாலுள்ள நாமக்கல் உள்ளிட்ட 7 மாவட்ட உழவர்கள், கெயில் நிறுவனத்தின் கொச்சி–பெங்களூரு எரிவாயுக் குழாயை எதிர்த்தனர். எரிவாயுவே வேண்டா என்றாரல்லர். நெடுஞ்சாலையோரம் கொண்டு செல்க என்றே வேண்டினர். 2013இல் தமிழக அரசும் அவ்வாறே ஆணையிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

மதீனாப் பள்ளிவாசலை விரிவாக்கக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டைக் கேட்டார்கள், அவர்கள் இசையவில்லை. வழக்கை விசாரித்த உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் வீட்டுக்குரியவர் பக்கம் தீர்ப்பளிக்க, கலீஃபா பணிந்தார்கள். அதன்பின் அப்பாஸ் (ரலி) அவர்கள் வீட்டைத் தாமே உவந்தளித்தார்கள் என்பர்.

பொதுநலம் பெரிதே, இசைவு பெற்று வருங்கால் அது இன்னும் பெரிதாகின்றது. அறிவிக்கை வெளியான 21 நாள்களுக்குள் ஆட்சேபணை அளிக்கச் சட்டம் இடந்தருகின்றது. அதனை எழுதித்தர ஊரில் கற்றவர் ஒருவரேனும் வேண்டும். நம் மாணவர்கள் அவ்வொருவராதல் வேண்டும் என்பதே நம் அவா.