உறையோடு செல்லும் கத்தி

முல்லைத்தீவுக் கடல்மீனை வெட்டிய பின் குடலையும் செதிலையும் தென்னையடியில் தாழ்ப்பது எங்கள் தண்ணீரூற்று வீடுகளில் வழக்கம். சில வாரங்களில் அது மண்ணோடு மண்ணாகிவிடும். அதைத் தின்று முடிப்பவர்களுள் முக்கியமானவை பற்றீரியாக்கள்.

பற்றீரியாவுக்கு வாயுமில்லை, இரைப்பையுமில்லை. பெரிய புரத மூலக்கூறை அது அப்படியே உள்ளெடுக்க முடியாது. ஆகவே நொதியத்தை வெளியே சுரந்து, புரதத்தைத் துண்டாக்கி, சிறு பெப்ரைட்டுக்களையும் அமினோவமிலங்களையும் அகத்துறிஞ்சுகிறது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பற்றீரியாவின் கலத்துக்குள்ளும் புரதங்கள் நிறைந்துள்ளனவே! நொதியம் முதலில் அவற்றை வெட்டாதா?

மண்ணில் வாழும் கோலுருப் பற்றீரியாவான பசிலசு சப்ரிலிசு இதற்கு விடை தருகிறது. இலகுவில் கிடைக்கும் உணவு குறைந்து, வளர்ச்சி மந்தமாகும்போது அது சப்ரிலிசின் என்னும் நொதியத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. இறைபோசோமில் தொகுக்கப்படும் சங்கிலியில் 381 அமினோவமிலங்கள் உள்ளன. இறுதியில் நொதியமாகத் தொழிற்படுவது 275 மட்டுமே. மிகுதி 106 எதற்கு?

முதல் 29 அமினோவமிலங்கள் கடிதத்தின் முகவரி போன்றவை. அவை சங்கிலியைக் கலமென்சவ்வுக்கு வழிநடத்துகின்றன. அங்குள்ள புரதக் கால்வாயூடாக, ஊசிக்கண்ணில் நூல் நுழைவதுபோல, சங்கிலி மடியாத நிலையில் சக்தி செலவிட்டு வெளியே தள்ளப்படுகிறது. மடியாத சங்கிலியால் எதையும் வெட்ட முடியாது. வெளியேறும்போது முகவரித் துண்டை வேறொரு நொதியம் வெட்டிவிடும்.

அடுத்த 77 அமினோவமிலங்கள் கத்தியின் உறை போன்றவை. சங்கிலி சரியாக மடிய அவை உதவுகின்றன. மடிந்த பின்னும் உயிர்ப்பு மையத்தை மூடிக்கொண்டிருக்கின்றன. கலத்துக்கு வெளியே அவ்வுறை சிதைந்த பிறகே கத்தி வெட்டத் தொடங்கும். எமது இரைப்பையிலும் இதே உபாயந்தான்: பெப்சின் உயிர்ப்பற்ற பெப்சினோசனாகச் சுரக்கப்பட்டு, அமிலத்தில்தான் உயிர்ப்படைகிறது.

இந்தக் கத்தி மனிதருக்கும் உதவுகிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுக்கும் பிராணிகளின் தோலைப் பதனிடுவதென்றால் முதலில் மயிரை நீக்க வேண்டும். தமிழ்நாட்டில் பாலாற்றை அண்டிய ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் தொழிலில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைட்டும் இதற்குப் பயன்பட்டன. தோல் தொழிலின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1948 இல் சென்னையில் ஆரம்பிக்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், சல்பைட்டுக்குப் பதிலாகப் பற்றீரிய நொதியங்களைக் கொண்டு மயிர் நீக்கும் முறைகளை ஆராய்ந்தது. மயிர்வேரைச் சுற்றியுள்ள புரதங்களை நொதியம் வெட்ட, மயிர் முழுதாகக் கழன்றுவிடும். ஆனால் அளவோ நேரமோ மிஞ்சினால் தோலும் பழுதாகும். பற்றீரியா உறையால் செய்யும் கட்டுப்பாட்டை மனிதர் மணிக்கூட்டையும் வெப்பமானியையும் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

பெயரிலேயே ஊற்றைக் கொண்ட ஊரில், கிணற்று நீரை நம்பி வாழும் எங்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. ஒரு தொழில் எந்த இரசாயனத்தைக் கைவிடுகிறது என்பது, அதன் அயலில் இருப்பவர்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய விடயம்.

தோழியரே, "பற்றீரியா புறக்கலச் சமிபாடு செய்யும்" என்று பாடக்குறிப்பில் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அடுத்தமுறை எழுதும்போது, அந்த வரிக்குள் காவல் நிற்கும் 106 அமினோவமிலங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.